அக்ரிப்பாவின் தண்ணீர்: ரோமில் ஒரு வார இறுதி

வெள்ளி இரவு

ஃப்ராங்க்ஃபர்ட்டிலிருந்து நானும் ஆம்ஸ்டர்டாமிலிருந்து ஜெனியும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் ஃபியூமிசினோ விமான நிலையத்தில் இறங்கினோம். திருச்சியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள் நாங்கள். நான் கணினித் துறைக்குப் போனேன். அவள் நீர்வளப் பொறியியல் படித்து, இப்போது நெதர்லாந்தில் வேலை பார்க்கிறாள். ரோம் போகலாம் என்று சொன்னது நான். எப்படிச் சுற்றுவது என்று முடிவு செய்தது அவள்.

"எல்லாரும் பாக்குறதத்தான் நாமளும் பாக்கப் போறோம். ஆனா தண்ணி எங்கேருந்து வருது, எங்க போகுதுன்னு பாத்துக்கிட்டே போவோம்டி. அப்பதான் இந்த ஊரு புரியும்."

சரி என்றேன்.

விமான நிலையத்திலிருந்து லியோனார்டோ எக்ஸ்பிரஸ் ரயில் நேரே தெர்மினி நிலையத்துக்கு வருகிறது. 14 யூரோ, 32 நிமிடம். அறை எடுத்திருந்த மோந்தி பகுதி அங்கிருந்து நடக்கிற தூரம்தான். பைகளை வைத்துவிட்டு, முகம் கழுவி, பசிக்கு ஒரு துண்டு பீட்சா வாங்கிக்கொண்டு கிளம்பினோம். இங்கே தெருக்கடைகளில் பெரிய செவ்வகத் தட்டில் பீட்சாவைச் சுட்டு வைத்திருக்கிறார்கள். எவ்வளவு வேண்டும் என்று கையால் காட்டினால் கத்தரிக்கோலால் வெட்டி, எடை போட்டுத் தருகிறார்கள். உருளைக்கிழங்கும் ரோஸ்மேரியும் போட்டதை வாங்கினோம். சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு ரோமில் கவலையில்லை.

ட்ரெவி நீரூற்றைப் பார்ப்பதற்கு முன்பே அதன் இரைச்சல் கேட்டுவிடுகிறது. சந்து திரும்பியதும் 26 மீட்டர் உயரத்துக்கு ஒரு அரண்மனைச் சுவர் முழுக்கப் பாறையும் குதிரையும் கடல்தேவனுமாக எழுந்து நிற்கிறது. நள்ளிரவை நெருங்கியும் கூட்டம் குறையவில்லை. எல்லோரும் நடுவில் நிற்கும் ஓசியானஸைத்தான் படம் எடுக்கிறார்கள். ஜெனி என்னை இழுத்து, இரண்டு பக்கமும் மேலே இருக்கும் புடைப்புச் சிற்பங்களைக் காட்டினாள். இடது பக்கம் இருப்பதில், முதல் ரோமப் பேரரசர் அகஸ்டஸின் தளபதியும் மருமகனுமான மார்கஸ் அக்ரிப்பா கால்வாய்த் திட்டத்தைப் பார்வையிடுகிறார். வலது பக்கம் இருப்பதில், தாகத்தோடு வந்த படைவீரர்களுக்கு ஓர் இளம்பெண் ஊற்று இருக்கும் இடத்தைக் காட்டுகிறாள்.

அந்த ஊற்றிலிருந்து அக்ரிப்பா கொண்டுவந்த கால்வாய்தான் அக்வா விர்கோ. கி.மு. 19இல் திறந்தார்கள். ஊருக்குக் கிழக்கே இருந்து சுமார் 20 கிலோமீட்டர், பெரும்பகுதி நிலத்தடியிலேயே வருகிறது. பழைய ரோமுக்குத் தண்ணீர் கொண்டுவந்த 11 கால்வாய்களில் மற்றவை காலப்போக்கில் உடைந்தும் தூர்ந்தும் போயின. இது மட்டும் போப்பாண்டவர்கள் காலத்தில் திரும்பத் திரும்பச் செப்பனிடப்பட்டு இன்றும் ஓடுகிறது. ட்ரெவிக்கு வருவது அந்தத் தண்ணீர்தான். நீரூற்றை வடிவமைத்த நிக்கோலா சால்வி 1751இல் இறந்துபோனார். வேலை முடிந்தது 1762இல். தன் வேலையை அவர் முழுதாகப் பார்க்கவில்லை என்பது அங்கே நிற்கும்போது மனசை என்னவோ செய்தது.

வலது ஓரத்தில் கைப்பிடிச் சுவர் மேல் ஒரு பெரிய கல் ஜாடி இருக்கிறது. எதிரே சவரக்கடை வைத்திருந்தவர் கட்டுமானத்தைத் தினமும் குறை சொல்லிக்கொண்டே இருந்ததால், அவர் கடையிலிருந்து பார்த்தால் நீரூற்று தெரியாதபடி சால்வி இதை வைத்தார் என்று கதை.

வலது கையால் இடது தோளுக்கு மேலே ஒரு காசு போட்டால் மறுபடி ரோமுக்கு வருவோமாம். இருவரும் போட்டோம். அந்தக் காசுகளையெல்லாம் அள்ளி கத்தோலிக்கத் தொண்டு நிறுவனமான காரித்தாஸுக்குக் கொடுக்கிறார்கள். ஏழைகளுக்குச் சாப்பாடாகப் போகிறது என்பதால் சந்தோஷமாகவே போட்டேன். கால் வலிக்கிறது, மீதி நாளை.

சனிக்கிழமை

காலையில் மூலைக்கடையில் நின்றுகொண்டே கப்புச்சீனோ, கொர்னெத்தோ. கல்லாவுக்கு எதிரே நின்று குடித்தால் ஒரு விலை, மேஜையில் உட்கார்ந்தால் வேறு விலை. ஊர்க்காரர்கள் மூன்று மடக்கில் குடித்துவிட்டுப் போய்விடுகிறார்கள்.

கடைக்கு வெளியே ஒரு நாசோனே. ரோமின் தெருக்குழாய்க்கு அதுதான் பெயர். இடுப்பளவு உயரத்தில் வார்ப்பிரும்பு உருளை, வளைந்து கீழே இறங்கும் ஒற்றை மூக்கு, இரவும் பகலும் ஓடும் தண்ணீர். மூடும் திருகே கிடையாது. 1874 வாக்கில் வைக்க ஆரம்பித்தார்கள். இன்று ஊர் முழுக்க சுமார் 2,500 இருக்கின்றன. பாட்டில் தண்ணீருக்கு யாரும் காசு கொடுக்கத் தேவையில்லை. ஒரு பாட்டி நாயோடு வந்தார். மூக்கின் நுனியை ஆள்காட்டி விரலால் அடைத்தார். மூக்கின் மேல்பக்கம் இருக்கும் சின்ன ஓட்டை வழியாகத் தண்ணீர் வில்லாக எழும்பியது. குனியாமலே குடித்துவிட்டு, விரலை எடுத்து, கீழே நாய்க்கு விட்டார். ஜெனி அதையே நாலைந்து தடவை செய்து பார்த்தாள். தண்ணீர் ஜில்லென்று, சுண்ணாம்புச் சுவை லேசாகத் தெரிய, நன்றாக இருந்தது. இது அக்ரிப்பாவின் தண்ணீர் இல்லை. ஊரின் குடிநீரில் பெரும்பகுதி இப்போது வடகிழக்கே மலையிலுள்ள பெஸ்கியேரா ஊற்றிலிருந்து வருகிறது. ஆனால் தெருவில் போகிறவனுக்கு நல்ல தண்ணீர் சும்மா கிடைக்க வேண்டும் என்ற எண்ணம் அந்தக் காலத்து எண்ணம்தான்.

கொலோசியத்துக்கு முன்கூட்டியே சீட்டு எடுத்திருந்தோம். 18 யூரோ, அதிலேயே ஃபோரமும் பாலடைன் குன்றும் அடக்கம். சீட்டில் பெயர் அச்சாகி வருகிறது, பாஸ்போர்ட் பார்க்கிறார்கள். ஒரு மாதம் முன்பே விற்பனையைத் திறந்துவிடுகிறார்கள், சனி ஞாயிறு சீக்கிரம் தீர்ந்துவிடும்.

உள்ளே போவதற்கு முன் வடக்குப் பக்கம் நின்று வளைவுகளின் மேலே பாருங்கள். ரோமன் எண்கள் செதுக்கியிருக்கும். மொத்தம் 80 வளைவுகள். மக்கள் தங்கள் சீட்டில் இருக்கிற எண்ணைப் பார்த்து அந்தந்த வாசல் வழியாகப் போயிருக்கிறார்கள். 23 முதல் 54 வரையிலான எண்கள் இன்னும் படிக்கிற மாதிரி இருக்கின்றன. தெற்குப் பக்க வெளிச்சுவர் 1349இல் வந்த பூகம்பத்தில் சரிந்தது. அந்தக் கற்களை எடுத்து ஊரில் வேறு கட்டடங்கள் கட்டிவிட்டார்கள்.

இந்த இடமே முன்பு ஏரி என்று ஜெனி சொன்ன பிறகு எனக்கு எல்லாமே வேறு மாதிரி தெரிந்தது. நீரோ தன் அரண்மனைக்காக இந்தப் பள்ளத்தில் செயற்கை ஏரி வெட்டியிருந்தான். அவனுக்குப் பிறகு வந்த வெஸ்பாசியன் ஏரியை வற்றவைத்து, ஊர்ச் சனத்துக்காக அரங்கம் கட்ட ஆரம்பித்தார். மகன் டைட்டஸ் 80ஆம் ஆண்டில் திறந்துவைத்தார். ஏரி கிடந்த களிமண் தரையில் இவ்வளவு எடையை நிறுத்த வேண்டுமென்றால் முதலில் தண்ணீரை வெளியேற்றியாக வேண்டும். அடித்தளத்தைச் சுற்றிலும் வடிகால்கள் போட்டிருக்கிறார்கள். அங்கே எத்தனை பேரும் விலங்குகளும் செத்தார்கள் என்பதை நினைத்தால் எனக்கு அதிக நேரம் நிற்கப் பிடிக்கவில்லை. கட்டியவர்களின் திறமை ஒரு பக்கம், அதற்குள் நடந்தது ஒரு பக்கம். இரண்டையும் ஒன்றாக வைத்து ரசிக்க என்னால் முடியவில்லை.

ஃபோரத்தில்தான் நாள் கழிந்தது. குன்றுகளுக்கு நடுவே சதுப்பாகக் கிடந்த பள்ளம் இது. க்ளோவாகா மாக்சிமா என்ற பெரிய வடிகாலை வெட்டித் தண்ணீரை டைபர் ஆற்றுக்கு இறக்கிவிட்ட பிறகுதான் இங்கே சந்தையும் கோயிலும் மன்றமும் வந்தன. கி.மு. 6ஆம் நூற்றாண்டில், ரோமை அரசர்கள் ஆண்ட காலத்தில் தொடங்கிய வேலை அது. "சாம்ராஜ்யத்துக்கு முன்னாடி சாக்கடை வந்துருச்சு பாத்தியா" என்றாள் ஜெனி. அவள் பெருமையாகத்தான் சொன்னாள், அது அவள் தொழில்.

ஜூலியஸ் சீசரை எரித்த இடத்தில் ஒரு சின்னக் கூரைக்கடியில் மண்மேடு மாதிரி பலிபீடத்தின் மிச்சம் இருக்கிறது. அதன்மேல் புதுப் பூக்கள். யாரோ இன்னமும் வைத்துவிட்டுப் போகிறார்கள்.

அங்கிருந்து மேலே ஏறினால் மூன்று பிரம்மாண்ட வளைவுகளோடு மாக்சென்டியஸின் மண்டபம். அதன் அடியில்தான் டொமிஷியன் பேரரசர் கட்டிய மிளகுக் கிடங்கு இருந்தது. இதற்காகவே நான் ரோமுக்கு வந்தேன் என்றுகூடச் சொல்லலாம். பேரரசின் நட்டநடு இடத்தில், கோயில்களுக்குப் பக்கத்தில், நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் விளைந்த மிளகுக்கு ஒரு தனிக் கிடங்கு! யவனர்களின் கப்பல் பொன்னோடு வந்து கறியோடு, அதாவது மிளகோடு, திரும்பும் என்று சேரர் துறைமுகமான முசிறியைப் பற்றி அகநானூற்றில் தாயங்கண்ணனார் பாடியிருக்கிறார். அந்தக் கறி வந்து இறங்கிய முனை இது. ஆண்டுக்கு ஐந்து கோடி செஸ்டர்ஸ் காசு இந்தியாவுக்குப் போகிறது என்று ரோம எழுத்தாளர் பிளினி புலம்பினார். 408இல் கோத் தலைவன் அலாரிக் ரோமை முற்றுகையிட்டபோது, விலகிப்போகக் கேட்ட பொருள்களில் தங்கம், வெள்ளி, பட்டோடு 3,000 பவுண்டு மிளகும் இருந்தது. பள்ளியில் படித்த வரி ஒன்றுக்கு இன்னொரு முனை இருக்கிறது, அதன் செங்கல்லைப் பார்க்கலாம் என்பது எனக்குப் பெரிய விஷயம். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றோம்.

சாயங்காலம் சான் க்ளெமென்தே தேவாலயம். கொலோசியத்திலிருந்து சில நிமிட நடைதான், ஆனால் கூட்டம் அங்கேயே நின்றுவிடுகிறது. ரோமில் ஒரே ஓர் இடம்தான் பார்க்க முடியும் என்றால் நான் இதைச் சொல்வேன். மேலே இருப்பது 12ஆம் நூற்றாண்டுக் கோயில். பீடத்துக்குப் பின்னால் பொன்னிற மொசைக்கில் சிலுவை ஒரு கொடியாகப் படர்ந்து விரிகிறது. அதன் அடியில் நான்கு ஆறுகள் பாய, மான்கள் குனிந்து குடிக்கின்றன. இதைப் பார்க்கக் கட்டணம் இல்லை. கட்டணம் கட்டிப் படியில் இறங்கினால் கீழே 4ஆம் நூற்றாண்டுக் கோயில். 1084இல் நார்மன் படை ஊரைச் சூறையாடிய பிறகு அதில் மண்ணை நிரப்பி, அதன் மேலேயே புதியதைக் கட்டிவிட்டார்கள். அப்படி ஒன்று அடியில் இருப்பதை 1857இல் அயர்லாந்து டொமினிக்கன் துறவி ஜோசஃப் முல்லூலி தோண்டத் தொடங்கும்வரை யாரும் அறியவில்லை.

இன்னும் இறங்கினால் முதலாம் நூற்றாண்டு ரோமன் கட்டடம், குறுகலான சந்து, மித்ரா என்ற தெய்வத்தை வழிபட்ட ஒரு குகை அறை. மித்ரா காளையைக் கொல்லும் காட்சி பலிபீடத்தில் செதுக்கியிருக்கிறது. இருபுறமும் அடியார்கள் சாய்ந்து உட்காரக் கல் திண்ணைகள். இங்கே தண்ணீர் ஓடும் சத்தம் நன்றாகவே கேட்கிறது. ஒரு மூலையில் திறப்பு வழியாகப் பார்க்கவும் முடிகிறது: தெளிந்த தண்ணீர், வேகமாக. முல்லூலி தோண்டியபோது இந்த ஊற்று பெருகி அடித்தளமெல்லாம் மூழ்கிவிட, பிறகு 1912 வாக்கில் கொலோசியம் பக்கமாக நீண்ட சுரங்கம் வெட்டி வடித்த பிறகுதான் இறங்கிப் பார்க்க முடிந்திருக்கிறது. ஜெனி சுவரில் கை வைத்தபடியே அங்கே நின்றாள். படம் எடுக்க அனுமதி இல்லை, எழுதித்தான் காட்ட முடியும்.

இரவு த்ராஸ்தேவெரேயில் கச்சோ ஏ பெப்பே. நூல் மாதிரியான பாஸ்தா, பெகொரினோ சீஸ், மிளகு. அவ்வளவுதான் சேர்மானம். வெண்ணெயோ க்ரீமோ கிடையாது. பாஸ்தா வெந்த கொதிநீரைச் சீஸ் தூளில் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கலக்கும்போது அது குழைந்து பால் மாதிரி ஆகிவிடுகிறது. மிளகை ஒன்றிரண்டாகத் தட்டி, வாணலியில் வறுத்துப் போட்டிருந்தார்கள். வாசனை மேஜைக்கு வந்ததுமே எனக்கு வெண்பொங்கல் ஞாபகம். காலையில் பார்த்த கிடங்கை நினைத்துக்கொண்டே சாப்பிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை

விடியும்போதே மழை.

முதலில் சாந்தா மரியா மஜ்ஜோரே. ஜெனியின் அம்மா திருச்சியிலிருந்து கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்று: போப் பிரான்சிஸ் கல்லறையில் தனக்காக ஒரு ஜெபம். 2025 ஏப்ரலில் அவரை அடக்கம் செய்தது வாடிகனில் இல்லை, இந்தக் கோயிலில்தான். ஐந்தாம் நூற்றாண்டு மொசைக்குகளும் பொன் வேய்ந்த கூரையுமாக இருக்கும் அந்தப் பெருங்கோயிலின் ஒரு பக்கத்தில், சுவருக்குள் ஒரு வெளிர் கல். மேலே 'ஃப்ரான்சிஸ்குஸ்' என்று பெயர் மட்டும். அவருடைய தாத்தா பாட்டி ஊர்ப்பக்கமான லிகூரியாவிலிருந்து வந்த கல்லாம். வரிசை நகர்ந்துகொண்டே இருந்தது, சில நொடிதான் நிற்க விடுகிறார்கள். ஜெனி கண்ணை மூடிக்கொண்டாள். வெளியே வந்து அம்மாவுக்குக் கூப்பிட்டாள், "சொல்லிட்டேம்மா, உங்க பேரச் சொல்லிட்டேன்" என்று. அம்மா அழுதது எனக்கும் கேட்டது.

அப்புறம் குடையோடு அக்ரிப்பாவின் கால்வாயைத் தேடிப் போனோம். ட்ரெவிக்குப் பக்கத்தில் வியா தெல் நசரேனோ என்ற சின்னத் தெருவில் கம்பிவேலிக்குள், சாலை மட்டத்துக்குக் கீழே, கல் வளைவுகள் தலையை மட்டும் காட்டிக்கொண்டு நிற்கின்றன. மேலே கல்வெட்டு. பேரரசர் கலிகுலா காலத்தில் சிதைந்ததை அடுத்து வந்த க்ளாடியஸ் 46ஆம் ஆண்டில் திருப்பிக் கட்டியதாகச் சொல்கிறது. நாங்கள் நின்ற நேரத்தில் எத்தனையோ பேர் கடந்து போனார்கள், ஒருவரும் திரும்பவில்லை. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில், வியா தெல் த்ரிதோனே சாலையில், ரினஷெந்தே என்ற பெரிய ஜவுளி அலங்காரக் கடை. அதன் அடித்தளத்துக்கு இறங்கினால் அதே கால்வாயின் 15 வளைவுகள், சுமார் 60 மீட்டர் நீளத்துக்கு, தட்டு டம்ளர் விற்கும் பகுதிக்கு நடுவே வெளிச்சம் போட்டு வைத்திருக்கிறார்கள். கட்டணம் இல்லை. அவ்வளவு பக்கத்தில் போய்ப் பார்க்கலாம்.

அங்கே வைத்து ஜெனி ஃப்ரொன்டினஸ் கதையைச் சொன்னாள். 97ஆம் ஆண்டில் ரோமின் நீர் நிர்வாகத்துக்குத் தலைவராக வந்தவர். ஒவ்வொரு கால்வாயிலும் எவ்வளவு வருகிறது, எவ்வளவு போய்ச் சேருகிறது என்று அளந்து பார்த்தால் கணக்கு இடித்தது. நடுவழியில் ஆட்கள் கால்வாயைத் துளைத்துத் திருட்டுக் குழாய் போட்டு விற்றுக்கொண்டிருந்தார்கள். அவற்றையெல்லாம் பிடுங்கிப் போட்டார். "இன்னிக்கும் என் வேலையில பாதி இதான்டி, வர்ற தண்ணிக்கும் போற தண்ணிக்கும் கணக்குப் பாக்குறது" என்றாள். பார்த்துக்கொண்டிருந்த கல்லைவிட அந்த மனிதர் எனக்குப் பக்கத்தில் வந்துவிட்டார்.

ஸ்பானியப் படிகளின் அடியில் இருக்கும் பார்க்காச்சா நீரூற்றுக்கும் இதே தண்ணீர்தான். பாதி மூழ்கிய படகு மாதிரி செய்திருக்கிறார் பியெத்ரோ பெர்னினி. 1629இல் முடிந்தது. அக்வா விர்கோ தாழ்வாக வருவதால் இங்கே அழுத்தம் குறைவு, தண்ணீரைப் பீய்ச்சி அடிக்க முடியாது. அதனால் நீரூற்றையே தரைக்குக் கீழே இறக்கி, படகின் ஓட்டைகள் வழியாகத் தண்ணீர் வழிந்தோட விட்டுவிட்டார். குறையையே வடிவமாக மாற்றிய அந்த மூளையை எத்தனை புகழ்ந்தாலும் தகும்.

பழைய ரோமானியக் கோயிலான பாந்தியனில் ஞாயிறு காலைத் திருப்பலி நேரத்தில் சுற்றிப்பார்க்க விடமாட்டார்கள். மதியம் போனோம். 5 யூரோ. முகப்பில் பெரிய எழுத்தில் மறுபடி அவர் பெயர்: லூசியஸின் மகன் மார்கஸ் அக்ரிப்பா, மூன்றாம் முறை கான்சல் என்ற உயர் பதவியில் இருந்தபோது கட்டியது. அவர் கட்டியது எரிந்துபோக, இப்போது நிற்பதைக் கட்டி முடித்தவர் பேரரசர் ஹேட்ரியன். தன் பெயரைப் போடாமல் பழையவர் பெயரையே விட்டுவைத்திருக்கிறார். இதற்குப் பக்கத்தில் இருந்த அக்ரிப்பாவின் குளியல் மண்டபங்களுக்காகத்தான் அந்தக் கால்வாயே முதலில் வந்தது. வெள்ளி இரவு பிடித்த நூல் இங்கே வந்து முடிந்தது.

உள்ளே மழை பெய்துகொண்டிருந்தது. கூரையின் நடுவே எட்டு ஒன்பது மீட்டர் அகலத்துக்குத் திறந்த வட்டம், கண்ணாடி கிடையாது. மழைத்துளிகள் 43 மீட்டர் உயரத்திலிருந்து, வெளிச்சத்தில் வெள்ளை வெள்ளையாக, மெதுவாக இறங்குகிற மாதிரி தெரிகிறது. நடுத்தரையைக் கயிறு கட்டித் தடுத்திருந்தார்கள். கயிற்றின் ஓரமாகக் குனிந்து பார்த்தோம். பளிங்குத் தரை நடுவில் லேசாக உயர்ந்து ஓரம் சரிகிறது. கல்லில் சின்னச் சின்னத் துளைகள், மொத்தம் 22. ஒரு துளையைச் சுற்றித் தண்ணீர் மெல்லிய தகடாக வந்து, விளிம்பில் ஒரு சுழி போட்டு, சத்தமில்லாமல் உள்ளே இறங்கியது. அந்த வடிகால் இன்னும் வேலை செய்கிறது.

ஜெனி மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். கம்பி இல்லாத கான்கிரீட் குவிமாடங்களில் உலகிலேயே பெரியது இன்றும் இதுதான். அடியில் சுவர் சுமார் 6 மீட்டர் தடிமன், மேலே போகப் போக மெலிகிறது. கலவையிலும் கீழே கனமான கல், உச்சிக்கு நுரைக்கல். எரிமலைச் சாம்பலும் சுண்ணாம்பும் சேர்ந்த கலவை. ஓவியர் ரஃபேலின் கல்லறையும் இங்கேதான் இருக்கிறது. 609இல் இதைக் கிறிஸ்தவக் கோயிலாக மாற்றியதால்தான் இடிக்காமல் விட்டார்கள் என்கிறார்கள். பழைய கட்டடம் பிழைக்க வேண்டுமென்றால் அதில் ஆள் புழங்க வேண்டும். பூட்டி வைத்தால் போய்விடும். நம் ஊர்ச் சத்திரங்களையும் குளங்களையும் நினைத்து ஆற்றாமையாக இருந்தது.

கடைசியாக பியாட்சா நவோனா. பெர்னினியின் மகன் ஜான் லொரென்சோ 1651இல் முடித்த நான்கு ஆறுகளின் நீரூற்று. நைல், டான்யூப், லா பிளாட்டாவோடு கங்கையும் இருக்கிறது: தாடி வைத்த ஒரு கிழவர், கையில் நீளத் துடுப்பு. "கங்கையம்மாவ ஆம்பளையாக்கிட்டாங்களே" என்று ஜெனி சிரித்தாள். லத்தீன் மரபில் ஆறுகளெல்லாம் ஆண்கள். நைலின் முகத்தைத் துணியால் மூடியிருக்கிறார்கள், அது பிறக்கும் இடம் அன்று யாருக்கும் தெரியாது என்பதால். தண்ணீர் இங்கேயும் அக்வா விர்கோதான்.

வாடிகன் அருங்காட்சியகத்துக்குப் போகவில்லை, அது தனியாக ஒரு நாள் கேட்கும். எனக்கு அதில் வருத்தம் இல்லை. வருத்தம் கால்வாய்ப் பூங்காவை விட்டதில்தான். ஊருக்குத் தெற்கே, மெட்ரோ ஏ வழித்தடத்தில் ஜூலியோ அக்ரிகோலா நிறுத்தத்தில் இறங்கினால், அக்வா க்ளாடியாவின் வளைவுகள் வயல்வெளியில் வரிசையாக நிற்கின்றனவாம். மழையில் நேரம் போதவில்லை. அக்டோபரில் ஒரு வெள்ளிக்கிழமை விடுப்புப் போடச் சொல்லி ஜெனி விமான நிலைய ரயிலிலேயே கேட்டாள். நாளை காலை மேலாளரிடம் கேட்கிறேன்.